உங்களுக்குத் தெரியுமா? ஆவடிக் குழந்தை, எழும்பூர்க் கணக்கு

ஆவடியில் குடியிருக்கும் தம்பதியின் பச்சிளம் குழந்தை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இறந்துபோனால், அந்தச் சாவு எந்த ஊர்ப் பதிவேட்டில் ஏறும்? ஆவடியில் அல்ல, சென்னை மாநகராட்சியில். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பதிய வேண்டும். அதனால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் சாவு கூடுதலாகத் தெரியும், இல்லாத ஊரில் குறைவாகத் தெரியும். வசிப்பிடம் என்று படிவத்தில் ஒரு கட்டமும் உண்டு. அதைப் பார்த்துப் பிரிக்காமல், "எங்க ஊர்ல குழந்தைச் சாவே கிடையாது" என்று யாராவது மேடையில் பெருமை பேசினால் நம்பாதீர்கள்.

*

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. அடுத்தடுத்த ஊர்கள்தான், பதிவேடு மூன்று!

*

உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயது முடிவதற்குள் இறப்பவை எத்தனை? தமிழ்நாட்டில் 1971-இல் 113. 2020-இல் 13. அதே 2020-இல் நாட்டின் சராசரி 28, கேரளத்தில் 6. நாம் மெச்சிக்கொள்ளலாம், ஆனால் பக்கத்து வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.

அந்த 13-இல் 9 சாவு பிறந்த 28 நாளுக்குள் நடந்தது. குறைப்பிரசவம், எடைக் குறைவு, பிறக்கும்போதே மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகியவை முக்கியக் காரணங்கள். சொட்டு மருந்தாலும் தடுப்பூசியாலும் மட்டும் இவற்றைத் தடுத்துவிட முடியாது. கர்ப்பிணியின் ரத்தசோகையையும் ரத்த அழுத்தத்தையும் மாதாமாதம் பார்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கர்ப்பப் பதிவுக்கான 'பிக்மி' எண் கேட்டு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

*

"இதயம் நின்றுவிட்டது" என்பது இறப்புக்குக் காரணமே அல்ல. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும்! டாக்டர் நிரப்பும் படிவம் 4-இல் காரணங்களை வரிசையாகக் கேட்பார்கள். உதாரணத்துக்கு ஒரு பச்சிளம் குழந்தையின் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் உடனடிக் காரணம்: மூச்சு செயலிழப்பு. அதன் கீழே, அது எதனால்: நுரையீரல் வளர்ச்சி முற்றுப்பெறாமை. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் மூலம்: ஏழு மாதத்தில் பிரசவம். கணக்கில் சேர வேண்டியது இந்தக் கடைசி வரி. மேல் வரியோடு நிறுத்திவிட்டால் குறைப்பிரசவம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும்.

*

வீட்டில் நடந்த சாவுக்குக் காரணம் எப்படித் தெரியும்? உறவினரிடம் கேட்டுத்தான். காய்ச்சல் எத்தனை நாள், இருமலில் ரத்தம் வந்ததா என்று விசாரித்து நோயை ஊகிக்கும் முறைக்கு 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று பெயர். ஆய்வாளர்களான டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் 1990-களில் சென்னையிலும் விழுப்புரம் பக்கக் கிராமங்களிலும் இறந்த சுமார் 80,000 பெரியவர்களின் குடும்பங்களை இப்படி விசாரிக்க வைத்தார்கள். காசநோயில் இறந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கமும் காரணம் என்பது இந்த ஆய்வுகளால் வெளிவந்தது.

*

சுகாதாரத் துறையினர் பலர் பயிற்சி பெறும் பொது சுகாதார நிறுவனம் இருப்பது நம்ம பூந்தமல்லியில்தான்.

*

பிறப்பானாலும் இறப்பானாலும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்படி, இறப்புக்கான காரணத்தை எழுதிய சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு மருத்துவமனை தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.