இரும்புச்சத்து மாத்திரையும் இரத்தப் பரிசோதனையின் நேரமும்

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரைப் பூச்சு கொண்டதாகையால், நடை பழகும் குழந்தைக்கு மிட்டாயாகவே தெரிகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் தனி இரும்பு இருப்பதால், 10 கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரைகளை விழுங்கினால் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்னும் கடும் நஞ்சு எல்லையை எட்டிவிடுகிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு: 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில், பள்ளியில் இருந்த இரும்புச்சத்து மாத்திரைகளைப் போட்டி போட்டு விழுங்கிய மாணவியருள் ஒருவர் கல்லீரல் பாதிப்புக்கு உள்ளாகி, கோவையிலிருந்து சென்னைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் சேலத்தில் உயிரிழந்தார்.

இந்த நஞ்சு ஏமாற்றும் இயல்புடையது. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டபின், குழந்தை தெளிந்துவிட்டதுபோல் தோன்றும் ஓர் இடைவேளை வரக்கூடும். பெற்றோர் நிம்மதியடையும் அந்நேரத்தில்தான் இரும்பு இரத்தத்தை விட்டு உயிரணுக்களுக்குள் புகுந்து, அவை ஆற்றல் உண்டாக்கும் வழியைக் குலைக்கிறது. ஆகவே, விழுங்கியதிலிருந்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் சீரம் இரும்பு அளவே நம்பத்தக்கது. டெசிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆபத்து கடுமையானது. காலம் கடந்து எடுத்த இரத்தத்தில் அளவு குறைந்திருப்பது, குழந்தை தப்பியதற்குச் சான்றாகாது. அப்போது இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் வாயுப் பரிசோதனையும், கல்லீரலின் நிலையைக் காட்டும் இரத்த உறைவு நேரமும் உண்மையைச் சொல்கின்றன. கரையாத மாத்திரைகள் வயிற்று எக்ஸ்ரேயிலேயே தெரியலாம். முறிமருந்தான டெஸ்ஃபெரியாக்சமின், இரும்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது.

இரும்புக்கு மட்டுமல்ல, காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலுக்கும் நேரமே அளவுகோல்: இரத்தத்தில் அதன் அளவைக் கொண்டு ஆபத்தைக் கணிக்க ரூமாக், மேத்யூ என்னும் மருத்துவர்கள் 1975இல் வெளியிட்ட வரைபடம், விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகு எடுத்த அளவுகளுக்கே பொருந்தும்.

எனவே, ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ இருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு விரையும் பெற்றோர், மாத்திரை அட்டையையும் விழுங்கிய நேரத்தையும் மருத்துவரிடம் தர வேண்டும். உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண், 24 மணி நேரமும் இயங்குகிறது.