செர்வரை எழுப்பும் சிறு நினைவகம்

வீட்டின் எழிலைப் புகழ்வோர் பலர். அதன் அடித்தளத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பாறையின்மேல் கட்டிய வீட்டையும் மணலின்மேல் கட்டிய வீட்டையும் பற்றி இயேசுபிரான் கூறிய உவமையை நாம் அறிவோம். கணினி உலகிலும் அத்தகைய அடித்தளம் ஒன்று உண்டு. செர்வர்களில் பொருத்தப்படும் 'பூட் டிரைவ்' என்னும் சிறிய நினைவகமே அது. நம்பத்தக்க பூட் டிரைவைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பூட் டிரைவின் பணி

வங்கி, மருத்துவமனை, இரயில்வே முன்பதிவு போன்ற இடங்களுக்காக இரவு பகலாக ஓய்வின்றி உழைக்கும் கணினிகளே செர்வர்கள். மின்சாரம் கொடுத்தவுடன் ஒரு செர்வர் முதலில் நாடுவது பூட் டிரைவைத்தான். செர்வரை இயக்கும் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' அதில்தான் பதிந்திருக்கிறது. நோயாளிகளின் விவரங்களும் வங்கிக் கணக்குகளும் வேறு டிரைவ்களில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் பூட் டிரைவ் பழுதுபட்டால், அதைச் சரிசெய்யும் வரை அவை இருந்தும் பயனில்லை. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்துவிட்டால் அன்று வீட்டில் பட்டினிதானே!

எஸ்.எஸ்.டி. இயங்கும் விதம்

முன்பு இப்பணிக்குச் சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்குகள் பயன்பட்டன. இன்று அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. பிடித்துக்கொண்டது. இதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் 1984-இல் அறிவித்த 'ஃபிளாஷ்' நினைவகத்தின் வழிவந்ததே இது.

இதில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. அவற்றில் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதன் மூலம் செய்திகள் பதிவாகின்றன. மின்சாரம் நின்றாலும் அவை உடனே வெளியேறுவதில்லை. ஆயினும் பழையதை அழித்துப் புதியதை எழுதும் ஒவ்வொரு முறையும் அறையைச் சூழ்ந்த மெல்லிய காப்புப் படலம் சிறிது தேய்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரே இடத்தை ரப்பரால் பலமுறை அழித்தால் தாள் நைந்து போகிறதல்லவா? அது போலத்தான் இதுவும்.

ஓர் அறையில் 3 பிட்டுகளைச் சேமிப்பது டி.எல்.சி. வகை, 4 பிட்டுகளைச் சேமிப்பது க்யூ.எல்.சி. வகை. நான்கு பிட்டுகளுக்கு மின்னூட்டத்தின் 16 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். ஆதலால் க்யூ.எல்.சி. விலை மலிவாக இருந்தாலும் தேய்மானத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவதாக, பூட் டிரைவுக்குப் பெரிய கொள்ளளவு தேவையில்லை. 240 அல்லது 480 ஜிகாபைட் பெரும்பாலும் போதுமானது. அளவை விட ஆயுளே முக்கியம். ஒரு டிரைவை நாளொன்றுக்கு எத்தனை முறை முழுவதும் நிரப்பி எழுதலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவார்கள். 480 ஜிகாபைட் டிரைவ் ஒன்றை நாளுக்கு ஒருமுறை வீதம் 5 ஆண்டுகள் எழுதலாம் என்றால், அது 876 டெராபைட் எழுத்தைத் தாங்கும் என்பது பொருள்.

"ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு படிப்பது மட்டும்தானே?" என்று சிலர் எண்ணலாம். அது தவறு. செர்வர் தன் நாட்குறிப்பை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். முற்காலத்தில் வி.எம்.வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. மென்பொருளைச் சிறிய எஸ்.டி. கார்டுகளிலும் நிறுவி வந்தார்கள். 2020-இல் வந்த 7.0 பதிப்பு அதிகமாக எழுதத் தொடங்கியதால் அக்கார்டுகள் பல இடங்களில் பழுதுபட்டன.

இரண்டாவதாக, மின்தடையைத் தாங்கும் பாதுகாப்பு வேண்டும். எழுதப்படும் செய்தி சிறிது நேரம் தற்காலிக நினைவகத்தில் தங்கியிருக்கும். அவ்வேளையில் மின்சாரம் நின்றால் அது அழிந்துபோகும். நிறுவனங்களுக்கென்று செய்யப்படும் நல்ல டிரைவ்களில் மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை சேமித்து வைத்த சிறிதளவு மின்சாரத்தைக் கொண்டு மீதிப் பணி முடிக்கப்படும். எண்ணெயையும் உடன் கொண்டு சென்ற ஐந்து விவேகமுள்ள கன்னியரை இவை நினைவூட்டுகின்றன! வீட்டுக் கணினிக்கான மலிவான டிரைவ்களில் பெரும்பாலும் இவ்வசதி இல்லை.

மூன்றாவதாக, தர அளவைப் பார்க்க வேண்டும். ஜெடெக் என்னும் அமைப்பின் தர விதிப்படி, படிக்க இயலாத பிழை வீட்டு வகை டிரைவில் 10-இன் 15-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒன்று வரை இருக்கலாம். நிறுவன வகையில் 10-இன் 16-ஆம் அடுக்குக்கு ஒன்றுதான். அதாவது பத்தில் ஒரு பங்கு.

இரட்டையரும் ஒரே நாளில் வீழ்வர்

நான்காவதாக, ஒன்றுக்கு இரண்டு டிரைவ்களை வைத்து இரண்டிலும் ஒன்றையே எழுதுவது வழக்கம். இதற்கு 'ரெய்டு 1' என்று பெயர். ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று கைகொடுக்கும். டெல், எச்.பி.இ. போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே இரண்டு சிறிய டிரைவ்கள் பொருத்திய தனி அட்டைகளை விற்கின்றன.

ஆனால் இதை மட்டும் நம்பி உறங்கிவிடலாகாது. 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் குறிப்பிட்ட சில எஸ்.எஸ்.டி.க்கள், உள்ளிருக்கும் 'ஃபர்ம்வேர்' என்னும் மென்பொருளின் பிழையால், 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்பதே அது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். அதன்பின் டிரைவையும் மீட்க இயலாது; அதிலுள்ள செய்திகளையும் மீட்க இயலாது. தோழியரே, சிந்தித்துப் பாருங்கள்! ஒரே வகையான இரு டிரைவ்கள் ஒரே நாளில் பணியைத் தொடங்கினால், இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அல்லவா வீழ்ந்துவிடும்? இதற்கு மருந்து, புதிய ஃபர்ம்வேரை உரிய காலத்தில் ஏற்றுவதே. ஆகவே, குறை கண்டால் வெளிப்படையாக அறிவித்துத் திருத்தம் தரும் தயாரிப்பாளரின் டிரைவையே வாங்க வேண்டும். இயன்றால் இரண்டையும் வெவ்வேறு மாதிரிகளாகவோ, வெவ்வேறு காலத்தில் பணியில் சேர்ந்தவையாகவோ வைத்துக்கொள்வது நலம்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியை பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும், அந்நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பயன்பட்ட டிரைவ்களை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். எழுதிய அளவு ஒருபுறம் இருக்க, டிரைவின் வயதும் பிழைகளுக்குக் காரணமாகிறது என்று அவர்கள் கண்டனர். எனவே குறைவாக எழுதப்பட்ட டிரைவும் முதுமை அடையும். 'ஸ்மார்ட்' என்னும் வசதி காட்டும் தேய்மானத்தையும் பிழைகளையும் அடிக்கடி கவனித்து, காலம் வருமுன் மாற்றிவிட வேண்டும். செர்வரின் அமைப்பு விவரங்களுக்கு வேறோரிடத்தில் நகல் வைத்திருப்பதும் இன்றியமையாதது.

முடிவுரை

வேகத்தையும் விலையையும் மட்டும் பார்த்து பூட் டிரைவ் வாங்குபவர் மணலின்மேல் வீடு கட்டுபவர் ஆவார். ஆயுள், மின்தடைப் பாதுகாப்பு, தரம், ஃபர்ம்வேர் ஆகிய நான்கையும் ஆராய்ந்து வாங்கி, அதன்பின்னும் விழிப்போடு இருப்பவரே அறிவாளர். நள்ளிரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளியின் இரத்த வகையைச் செவிலியர் ஒருவர் திரையில் தேடும்போது, அது உடனே தோன்ற வேண்டும். அதற்குத் துணை நிற்பது, எவர் கண்ணிலும் படாமல் கடமையாற்றும் இச்சிறு நினைவகமும், அதைக் கருத்தோடு தேர்ந்தெடுத்தவரின் பொறுப்புணர்வுமே ஆகும்.