சோழி கட்டி அனுப்பிய சேதி

ஒரு கல், ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய், காய்ந்த மக்காச்சோளம், ஒரு கந்தல் துணி. 19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கத் தஹோமி அரசின் படையிடம் சிறைப்பட்ட ஒருவர் தம் மனைவிக்கு அனுப்பிய கடிதம் இது. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்துவிடலாம். கல்: உயிரோடு திடமாக இருக்கிறேன். கரி: முன்னால் ஒரே இருட்டு. மிளகாய்: மனசு எரிகிறது. சோளம்: உடம்பு வற்றிவிட்டது. கந்தல்: உடுத்த மிஞ்சியது இவ்வளவுதான்.

இப்படிப் பொருள்களைக் கட்டி அனுப்பிச் சேதி சொல்வதை யொருபா மக்கள் 'அரோக்கோ' என்பார்கள். தென்மேற்கு நைஜீரியாவும் அதை ஒட்டிய பெனின் நாட்டுப் பகுதியும் இவர்களுடைய மண். 1880களில் இலண்டனில் வெளிவந்த மானிடவியல் இதழில் இத்தகைய சேதிகள் விளக்கத்தோடு பதிவாயின.

அரோக்கோவில் அதிகம் புழங்கியது சோழி. மாலத்தீவுக் கடலிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா சேர்ந்த சோழிதான் அங்கே நெடுங்காலம் காசாகவும் இருந்தது. சந்தையில் காசாக இருந்ததைச் சேதியாக்கியது எண்ணிக்கையும் கட்டும் விதமும். இரண்டு சோழிகளை முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் உறவு. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டினால் பகை.

எண்ணிக்கைக்குப் பொருள் வருவது ஒலியால். யொருபா மொழியில் ஆறு 'எஃபா'. 'ஃபா' என்றால் இழுத்தல். அதனால் ஆறு சோழி வந்தால், 'என் மனம் உன்பால் இழுபடுகிறது' என்று பொருள். எட்டு 'எஜோ', 'ஜோ' என்றால் ஒத்திருத்தல். எட்டுச் சோழி சம்மதத்தைச் சொல்லும். கரியையும் கல்லையும் யாரும் ஊகித்துவிடலாம். சோழியைப் படிக்க மொழி தெரிந்தாக வேண்டும். கொண்டுபோகிறவருக்கு உட்பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே இரகசியமும் காக்கப்பட்டது.

அனுப்பியவர் யார் என்பதற்கும் பொருளே சாட்சி. அரசரின் தூதர் அவருடைய கோலை ஏந்திப் போனால், அரசரே வந்து நிற்பதாக மதிப்பார்கள். ஒக்போனி என்னும் மூத்தோர் அவைக்கு 'எடான்' உண்டு: ஆண், பெண் என இரண்டு பித்தளை உருவங்கள், சங்கிலியால் பிணைத்தவை. அது வீடு தேடி வந்தால் அவை அழைக்கிறது என்று அர்த்தம்.

2001இல் நைஜீரியாவில் ஜிஎஸ்எம் கைபேசிச் சேவை தொடங்கியது. தூது போகும் வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டது; அது நல்லதே. சிறைப்பட்டவரின் மனைவி கணவரின் குரலைக் கேட்க எதையும் கொடுத்திருப்பாள். ஆனால் சேதியைக் கொண்டுசேர்ப்பது அரோக்கோவின் ஒரு பாதி மட்டுமே. இருந்த இடத்திலேயே நின்று பேசுவது மறுபாதி. அதற்கு இன்றும் வேலை இருக்கிறது.

'ஆலே' என்ற எச்சரிக்கைக் கட்டைப் பாருங்கள். விறகுக்கட்டின்மேலோ விளைச்சலின் பக்கத்திலோ தேய்ந்த துடைப்பம், பழஞ்செருப்பு, மணி உதிர்ந்த சோளக்கதிர், வெற்று நத்தையோடு போன்றவற்றைக் கட்டிவைப்பார்கள். எல்லாம் பயன் தீர்ந்து எறிந்தவை. 'திருடினால் நீயும் இப்படி ஒன்றுக்கும் உதவாமல் போவாய்' என்பது சேதி. யார் எடுக்க வருவார் என்று உரிமையாளருக்குத் தெரியாது. தெரியாதவருக்கு எந்த எண்ணில் கூப்பிடுவது? ஆலேயோ கை நீட்டுகிறவரிடம், கை நீட்டும் அந்த நேரத்தில் பேசிவிடுகிறது.

நைஜீரியப் பள்ளிகளின் யொருபா மொழிப் பாடத்தில் அரோக்கோவும் இருக்கிறது. மாணவர்கள் பொருள் பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. கையில் நூலும் சோழியும் கொடுத்து, ஒருவர் கட்டியதை இன்னொருவர் படிக்கப் பழக்க வேண்டும். அரோக்கோ ஒரு மொழி. புழங்கினால்தான் எந்த மொழியும் நிலைக்கும்.