பெட்டியின் மூலையும் ஷரஃபுத்தீன் தூஸியின் கணக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தேவாரத்தில் நமக்கு வேண்டிய விவசாயி ஒருவர் இருக்கிறார். 18ஆம் கால்வாயை ஒட்டி அவருக்கு நிலம். காட்டுப்பன்றிக்கு அஞ்சி 400 மீட்டர் கம்பிவலை வாங்கி வைத்திருந்தார். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, "ஹஜ்ரத், கால்வாய்ப் பக்கம் வேலி வேண்டாம், மற்ற மூன்று பக்கத்தையும் அடைக்கணும். எப்படி அளந்தால் நிறைய நிலம் உள்ளே வரும்?" என்று கேட்டார். அரபிக் கல்லூரி ஆசிரியரிடம் கேட்கத் தக்க வினாவன்று என்று உடனிருந்தவர் சிரித்தார். நமக்கோ அது ஹந்தஸாவின் நேரடிக் கேள்வியாகவே பட்டது.

கால்வாய்க்குச் செங்குத்தாகச் செல்லும் பக்கங்கள் இரண்டு. அவற்றை அகலம் எனக் கொள்வோம். இரண்டு அகலங்கள் போக எஞ்சும் வலையே நீளம். எனவே பரப்பு என்பது அகலத்தை, 400இலிருந்து இரு மடங்கு அகலத்தைக் கழித்து வருவதால் பெருக்கிய தொகை. அகலம் 90 எனில் நீளம் 220, பரப்பு 19,800 சதுர மீட்டர். 110 எனில் நீளம் 180, பரப்பு மீண்டும் அதே 19,800. ஏறிய பரப்பு எங்கோ உச்சியைத் தொட்டு இறங்கியிருக்கிறது. அகலத்தைச் சிறிது கூட்டும்போது பரப்பு எவ்வீதத்தில் மாறுகிறது என்பதைச் சொல்வதே வகைக்கெழு. ஏறும்போது அது மிகை, இறங்கும்போது குறை, உச்சியில் பூச்சியம். இங்கே வகைக்கெழு, 400இலிருந்து நான்கு மடங்கு அகலத்தைக் கழித்தது. அது பூச்சியமாவது அகலம் 100 ஆகும்போது. நீளம் 200, பரப்பு 20,000 சதுர மீட்டர், அதாவது இரண்டு ஹெக்டேர்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. வகைக்கெழுவைப் பூச்சியமாக்கியதும் கணக்கு முடிந்ததென்று பேனாவை மூடிவிடுகிறார்கள். நண்பரின் நிலத்துக்குக் கால்வாயோரம் 150 மீட்டர் முகப்பே இருந்தால் 200 மீட்டர் நீளத்துக்கு அவர் எங்கே போவார்? அப்போது நீளத்தை 150 ஆகவே வைத்து, அகலத்தை 125 ஆக்க வேண்டும். பரப்பு 18,750. இங்கே பெரும மதிப்பு எல்லையில் நிற்கிறது, வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தில் அல்ல. ஆகவே எல்லைகளையும் சோதித்த பின்னரே விடை சொல்ல வேண்டும்.

அடுத்து, நம் பள்ளத்தாக்கிற்கே உரிய மற்றொரு கணக்கு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பழத்தை அடுக்க, 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்து மூடியில்லாப் பெட்டி செய்வதாகக் கொள்வோம். 4 சென்டிமீட்டர் வெட்டினால் கொள்ளளவு 1,936 கன சென்டிமீட்டர், 6 வெட்டினால் 1,944. 5 வெட்டினால் 2,000, அதுவே உச்சம். வகைக்கெழு 15இலும் பூச்சியமாகிறது. ஆனால் 15 வெட்டினால் அட்டையே மிஞ்சாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் இக்கணக்கைச் சற்றே திருப்பிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. வெட்டும் அளவை விட்டுவிட்டுப் பெட்டியின் அடிப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்பக்கத்தின் வர்க்கத்தை, 30இலிருந்து அடிப்பக்கத்தைக் கழித்து வருவதால் பெருக்கிப் பாதியாக்கினால் கொள்ளளவு. ஒரு கோட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு துண்டின் வர்க்கத்தை மற்றத் துண்டால் பெருக்கினால் எப்போது உச்சம்? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷரஃபுத்தீன் தூஸி தம் சமன்பாட்டு நூலில் ஆராய்ந்த வினா இதுவே. முழுக்கோட்டின் மூன்றில் இரண்டு பங்கில் உச்சம் என்றார் அவர். 30இல் மூன்றில் இரண்டு 20, மூலைக்கு 5. நம் விடையேதான்.

இவரை நஸீருத்தீன் தூஸியோடு குழப்பிக்கொள்வோர் பலர். ஷரஃபுத்தீன் முந்தியவர், திமிஷ்க், ஹலப், மவ்ஸில் நகரங்களில் கற்பித்தவர். அவருடைய மாணவர் கமாலுத்தீன் இப்னு யூனுஸிடமே நஸீருத்தீன் பயின்றார்.

அவர் நிறுவிய முறையை இக்கால நடையில் சொல்வோம். 20இலிருந்து 2 கூடி 22 ஆனால், பெருக்குத்தொகை உச்சமாகிய 4,000இலிருந்து எவ்வளவு குறைகிறது? விலகலின் வர்க்கம் 4. அதை 30உடன் விலகலைக் கூட்டிய 32ஆல் பெருக்க 128. மிச்சம் 3,872. 2 குறைந்து 18 ஆனால் 4ஐ 28ஆல் பெருக்க 112. மிச்சம் 3,888. எப்பக்கம் விலகினாலும் கழிவே உண்டு, கூடுதல் இல்லை. ஆகவே கேட்கப்படும் தொகை 4,000ஐ விட மிகுதியாயின் விடையே இல்லை, சமமாயின் ஒன்று, குறைவாயின் இரண்டு. கனச்சமன்பாடுகளைக் கூம்புவெட்டுகளால் தீர்த்த உமர் கய்யாம் (மறைவு 1131) சிலவற்றுக்கு விடையில்லாமற் போகலாம் என்று கண்டிருந்தார். எங்கே போகும் என்னும் துல்லியமான எல்லையைக் கண்டவர் ஷரஃபுத்தீன்.

இதைப் படித்ததும் "வகை நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்று மேடையில் முழங்கத் தோன்றும். நாம் அவ்வாறு சொல்லத் துணியவில்லை. இந்நூலை 1986இல் பாரிஸில் பதிப்பித்த ருஷ்தீ ராஷித், இதில் வகைக்கெழுவின் கருத்து உள்ளுறைந்திருப்பதாக வாதிட்டார். டச்சு ஆய்வாளர் ஹோகன்டைக் 1989இல் அதை மறுத்து, பழைய வடிவியல் முறையிலேயே அவ்விடையை எட்டியிருக்க இயலும் என்று காட்டினார். மூன்றில் இரண்டு எப்படிக் கிடைத்தது என்பதை ஷரஃபுத்தீன் எழுதி வைக்கவில்லை. சரி என்ற நிறுவலையே தந்தார். அன்றியும் அவ்வெல்லையை ஆர்க்கிமிடீஸ் முன்பே அறிந்திருந்தார். ஒரு கோளத்தை, துண்டுகளின் கனஅளவுகள் குறித்த விகிதத்தில் அமையுமாறு தளத்தால் வெட்டும் வினாவிலிருந்து அது பிறந்தது. அவ்வினாவை மாஹானி சமன்பாடாக்கித் தீர்க்க இயலாது நின்றார். அபூ ஜஃபர் அல்காஸின் கூம்புவெட்டுகளால் தீர்த்தார். எச்சார்புக்கும் பொருந்தும் பொதுமுறை 1630களில் ஃபெர்மாவிடமும், பின்னர் நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோரிடமுமே உருப்பெற்றது. நம்மவருக்கு உரியதை மட்டும் கோரினாலே அது சிறிதன்று. இல்லாததைக் கோரினால் உள்ளதையும் கேட்பவர் ஐயுறுவார். அறிவிப்பாளர் தொடரை அத்தனை கண்டிப்புடன் சோதிக்கும் மரபில் வந்த நாம், கணித வரலாற்றில் மட்டும் தளர்ந்து போவது ஏனோ?

தேவாரத்து நண்பருக்கு 100, 200 என்று எழுதிக் கொடுத்தோம். தாளைப் பார்த்தவர், "ஹஜ்ரத், கால்வாயில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில மாதம்தானே, காய்ந்த பிறகு பன்றி அந்தப் பக்கமாக வருமே" என்றார். அவர் சொன்னது நியாயம். நான்கு பக்கமும் அடைப்பதாயின் 100க்கு 100 சதுரமே உச்சம். நிலம் 10,000 சதுர மீட்டராகப் பாதியாகிவிடும். மீதிக்கு இன்னும் கொஞ்சம் வலை வாங்குவதா என்று யோசித்துக்கொண்டே போனார்.