லயங்களின் வாசலுக்கு வர வேண்டிய மருத்துவம்

இயற்கை மருத்துவத்தோடு யோகமும் ஆன்மிகமும் இணைவதைப் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் மலைவாசத் தலங்களின் விடுதிகளையும், அவற்றில் வந்து தங்கும் வசதி படைத்தோரையும் சுற்றியே நிகழ்கிறது. இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஏலப்பாறையின் தேயிலைத் தோட்டங்களோ, அம்மருத்துவம் முதலில் யாரைச் சென்றடைய வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றன. சரிவில் கால் ஊன்றி, கழுத்தைத் தாழ்த்தி, நாள் முழுதும் கொழுந்தெடுத்து, மழையில் நனைந்து கனத்த சுமையை எடை போடும் இடம்வரை தூக்கிச் செல்லும் தமிழ்ப் பெண்களுக்கு இடுப்பு, தோள், முழங்கால் வலிகள் தொழிலோடு ஒட்டிய துன்பங்களாகிவிட்டன. தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தபோதிலும், 2000ஆம் ஆண்டையொட்டி இவ்வட்டாரத்தில் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது, கூலியோடு அந்த வசதியும் தொழிலாளரின் கையைவிட்டுப் போயிற்று.

ஏழைகளுக்காகத் தோன்றிய வழி

மண், நீர், வெயில், காற்று, உண்ணாநோன்பு ஆகிய ஐந்தையும் ஐம்பூதங்களின் வழிப்பட்ட மருந்துகளாகக் கொள்ளும் இயற்கை மருத்துவம், இந்தியாவில் எளியோருக்கான மருத்துவமாகவே வளர்க்கப்பட்டது. ஏழைகளுக்கான சிகிச்சையைப் புனே நகரில் நடத்த எண்ணிய காந்தியடிகள், நகரத்து நிலையத்தைத் தேடி அவர்கள் வரமாட்டார்கள் என்பதை உணர்ந்து, 1946 மார்ச்சில் உருளிகாஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று அங்கேயே அதைத் தொடங்கினார். குழைத்த மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றின்மீது இடும் மண்பட்டியையும், தொட்டி நீரில் அமரச் செய்யும் இடுப்புக் குளியலையும் உடலுக்கு அளித்த அவர், இராமநாமத்தை உள்ளத்தின் மருந்தாகக் கருதியதோடு, இறைவனை எப்பெயரால் அழைத்தாலும் பயன் ஒன்றே என்றும் விளக்கினார். தமிழகத்தில் இயற்கை மருத்துவத்தைப் பரப்பிய புதுக்கோட்டை இலட்சுமண சர்மா, ரமண மகரிஷியின் உபதேசத்தை விளக்கும் ‘மகா யோகம்’ என்ற நூலையும் எழுதியவர். அவரிடத்தில் உடல்நெறியும் ஞானநெறியும் ஒரே வாழ்வின் இரு பகுதிகளாக நின்றன.

யோகத்தின் பயனும் எல்லையும்

தெளிவான காரணம் கண்டறியப்படாத நாட்பட்ட இடுப்புவலிக்கு முதலில் மருந்தில்லா வழிகளையே நாடலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், அவ்வழிகளுள் யோகத்தையும் சேர்த்துள்ளது. கொழுந்தெடுக்கும் உடல் மணிக்கணக்கில் முன்னோக்கியே வளைந்திருப்பதால், குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனமும், தவழும் நிலையில் முதுகை மேலும் கீழும் அசைக்கும் மார்ஜரி ஆசனமும் அவ்வளைவுக்கு எதிரான இயக்கத்தைத் தருகின்றன. இறுதியில் சவாசனத்தில் மூச்சைக் கவனித்துக் கிடப்பது தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. எனினும் கருவுற்றோரும், முதுகுத்தட்டு விலகியோரும் தேர்ந்தவரின் மேற்பார்வையின்றி இவற்றைச் செய்தலாகாது. அவ்வாறே, இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளி மருத்துவரைக் கேளாமல் உண்ணாநோன்பு இருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மழைக்காலத்தில் கேரளத்தில் பரவும் எலிக்காய்ச்சலுக்கு உரிய காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்காமல் நோன்பிலும் கஷாயத்திலும் நாள்களைக் கழிப்பது உயிருக்கே உலை வைக்கும். தன் எல்லையை அறிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு கைகோத்து நடக்கும் இயற்கை மருத்துவமே மக்களின் நம்பிக்கைக்கு உரியது.

ஆன்மிகம் என்னும் பரிவு

உடல்நலத்துக்கு ஆன்மிகப் பரிமாணமும் உண்டு என்பதை 1984ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை தன் தீர்மானத்தில் ஏற்றது. அதை நடைமுறையில் காட்டும் முன்மாதிரி கேரளத்திலேயே இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, 2008இல் மாநில அரசின் கொள்கையாக உருப்பெற்ற வலிதணிப்புப் பராமரிப்பு, தீராத நோயாளியின் வீட்டுக்கே செவிலியரையும் தன்னார்வலரையும் அனுப்புகிறது. உடல்வலியோடு மனத்துயரம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய கலக்கம் ஆகியவற்றையும் சேர்த்து முழுமையான வலியாக அது கருதுகிறது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோர் அருகருகே வாழும் தோட்டங்களில், நோயாளியின் சொந்த நம்பிக்கையை மதித்து, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பதே ஆன்மிக மருத்துவத்தின் முதற்படியாகும். எந்த ஒரு சமயத்தின் வழிபாட்டையும் சிகிச்சையின் பெயரால் அவர்மேல் சுமத்தக் கூடாது.

சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. 5½ ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்த மருத்துவர்களும் நாட்டில் உருவாகி வருகின்றனர். இத்தகையோரின் சேவை, வேலை முடிந்து பெண்கள் திரும்பும் மாலை வேளையில், அவர்கள் பேசும் தமிழில், கட்டணமின்றி, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களிலேயே கிடைக்க வேண்டும். ஏலம், மிளகு, இஞ்சி விளையும் இம்மலையில் உழைப்போருக்குச் சத்தான உணவும் தூய குடிநீரும் ஒழுகாத கூரையும் கிடைக்கச் செய்வதையும் அச்சேவையின் பகுதியாகவே கொள்ள வேண்டும். ஈரச் சுவரோரம் உறங்கி எழுபவரிடம் மூச்சுப்பயிற்சியை மட்டும் கற்பிப்பது நீதியாகாது. ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்குப் பயன்படும்போதுதான், இயற்கை மருத்துவமும் யோகமும் ஆன்மிகமும் இணைந்ததன் நோக்கம் நிறைவேறும்.