இரையும் கடல், பேசாத படம்

மைக்கேல் கென்னா எடுத்த பல கடற்கரைப் படங்களில் அலையே தெரியாது. ஒரே வெண்மை, நடுவில் கறுப்பாகச் சில மரக்கம்பங்கள், அவ்வளவுதான். 1953இல் இங்கிலாந்தில் பிறந்த இந்தப் புகைப்படக் கலைஞர், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பனிக்காலங்களில் அலைந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. கடலோ ஓயாமல் இரைவது. அந்த அலையெல்லாம் எங்கே போயிற்று?

நம் வீட்டு காபி ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றும் வெந்நீர்தான் வெளிச்சம். தட்டின் துளைதான் லென்ஸின் திறப்பு. கீழ்ப்பாத்திரம்தான் ஃபிலிம். அது அளவாக நிரம்பினால் படம் தயார். வழிந்தால் எல்லாம் வெளுத்துவிடும். தூள் போடாமல் ஊற்றினால் தண்ணீர் மடமடவென்று இறங்குமே, அப்படித்தான் பகல் வெளிச்சமும். கண்மூடித் திறப்பதற்குள் ஃபிலிம் நிரம்பிவிடும். ஆகவே அலை எழும்பிய கோலத்திலேயே பதிந்துவிடுகிறது.

அடுத்து, தூளைப் போடுவோம். அதாவது, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. என்.டி. ஃபில்டர் என்பார்கள். அதில் அடர்த்தியான ஒரு வகை, வெளிச்சத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். ஆகவே 1/15 நொடியில் முடியும் படம் ஒரு நிமிடத்துக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கும். இரவில் கண்ணாடியே வேண்டாம். கென்னா பத்து மணி நேரம் வரைகூட ஷட்டரைத் திறந்து வைத்திருக்கிறார்.

இனிதான் விஷயமே. அந்த ஒரு நிமிடமும் கம்பம் அசைவதில்லை. அதனால் அதன் உருவம் ஒரே இடத்தில் அழுத்தமாகப் பதிகிறது. அலை அப்படியில்லை. ஓர் இடத்தில் இப்போது நுரை, மறுகணம் பள்ளம், பிறகு மறுபடி நுரை. அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறங்கிக் கலந்து, கடைசியில் ஒரே வெளிர்நிறமாகிவிடுகின்றன. குறுக்கே நடந்துபோனவர்கூடப் படத்தில் இருக்க மாட்டார். கடலின் அத்தனை ஆர்ப்பாட்டமும் சேர்ந்துதான் அந்த மௌனம் உண்டாகிறது!

பிறகு இருட்டறை வேலை. கென்னா தானே பிரிண்ட் போடுகிறார். பெரும்பாலும் சுமார் 20 செ.மீ. சதுரம்தான். சுவரளவு படத்தை எட்ட நின்று பார்த்துவிடலாம். இதற்குக் கிட்டத்தில் போயே ஆக வேண்டும். அந்த நெருக்கம்தான் இவற்றின் பாதி பலம் என்பேன்.

நீங்களும் எடுத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து அரைமணி கழித்து, கேமராவை ட்ரைபாடில் நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 100. லென்ஸ் திறப்பைச் சுருக்கி, 30 நொடி விடுங்கள். விரல் பட்டாலே கேமரா ஆடும்; அதனால் செல்ஃப் டைமரைப் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.