ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்

நம் மலையூர் தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1400 மீட்டரில் இருக்கிறது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929 முதல் நம் குடும்பங்கள் இந்தக் குளிரில்தான் பிள்ளை வளர்க்கின்றன.

"மிஸ்ஸி, வெறும் சளிதான்" என்று தாய்மார் சொல்லும்போது, நர்ஸான நான் முதலில் பார்ப்பது பிள்ளையின் நெஞ்சைத்தான். அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம், கிளினிக்கில் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் பாட்டிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பாசத்தில் செய்கிறீர்கள், ஆனால் அந்தப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தலையை நன்றாகத் துவட்டி, தொப்பி போட்டு, தாயின் மார்போடு உடம்பு படச் சேர்த்துப் போர்த்துங்கள். அந்தச் சூடு போதும்.

நிமோனியா வரவைக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியை நம் அரசாங்கம் 2020 டிசம்பரில் இலவசத் திட்டத்தில் சேர்த்தது. 4, 6, 15 மாதங்களில் போடுவார்கள். கொழுந்து பறிக்கப் போகும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் இந்த மூச்சுக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.